பத்தொன்பது சென்டிமீட்டர் படி

அந்த அலுவலகத்தில் அவருக்குப் பென்சில் என்று பெயர். ஆளும் அப்படித்தான் இருப்பார். ஒல்லி, நெட்டை, காதிடுக்கில் எப்போதும் ஒரு பென்சில். வரையும் வேலையெல்லாம் கணினிக்குள் போய்ப் பல வருடங்கள் ஆகியும் அவர் காதிலிருந்து பென்சில் இறங்கவில்லை. கட்டிடக்கலைஞர் மேடம் மனதில் நினைப்பதைக் கொத்தனார் கையில் எடுத்துக் கட்டக்கூடிய அளவுகளாக மாற்றித் தருவது அவர் வேலை. பதினெட்டு வருடமாக அதைச் செய்துவந்தார். அவர் வரைந்து ஒரு கதவு சுவரில் இடித்ததில்லை என்று மேடமே விருந்தாளிகளிடம் சொல்வதுண்டு.

கண் ஆஸ்பத்திரிக்குப் புதிய பகுதி ஒன்று கட்டும் வேலை வந்தது. அதற்குப் பழைய கட்டிடத்தின் வரைபடம் வேண்டும். அலமாரியின் அடித்தட்டில், ஈரம் ஏறிய அட்டைப் பெட்டிக்குள் கிடந்த ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில் அது இருந்தது. மரத்தைக் கரையான் அரிப்பதுபோலக் கணினிக் கோப்பையும் ஏதோ ஒன்று அரிக்கத்தான் செய்கிறது. சத்தம் கேட்பதில்லை, தூளும் உதிர்வதில்லை. பென்சில் இரண்டு நாள் போராடி அந்தப் படத்தைத் திறந்தபோது ஆஸ்பத்திரியின் முகப்பு பட்டை பட்டையாக அறுபட்டுக் கிடந்தது. ஒரு பட்டை இடப்பக்கம் இழுத்திருந்தது, அடுத்தது வலப்பக்கம். ஒரே ஜன்னல் ஏழு முறை வரிசையாக வந்திருந்தது, பேச்சு திக்கியதுபோல. மேல் மூலையைக் காணவே இல்லை.

அவர் ஒரு பட்டையைப் பிடித்து அதன் பழைய இடத்துக்கு நகர்த்தத் தொடங்கினார். பின்னால் டீ கோப்பையோடு போய்க்கொண்டிருந்த மேடம் நின்றார்.

"கையை எடுங்க! எதையும் தொடாதீங்க!"

கரண்ட் கசிகிறதோ என்று பென்சில் நாற்காலியோடு பின்னால் தாவினார்.

"என்ன மேடம்?"

"இது என்ன படம்?"

"பழைய முகப்பு மேடம். ஃபைல் கெட்டுப்போயிருக்கு. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறேன்."

"சரி பண்ணவே கூடாது. இத்தனை வருஷத்துல இவ்வளவு உயிரோட ஒரு முகப்பை நான் வரைஞ்சதில்ல. அப்படியே சேமிச்சு வைங்க. புதுப் பகுதிக்கு இதுதான் முகப்பு."

மேடம் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுத்த வாரம் ஆஸ்பத்திரியின் தலைமை டாக்டர் வந்து அந்தப் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். நாற்பது வருடம் பிறர் கண்களுக்குள் பார்த்துப் பழகியவர். "ஆபரேஷனுக்கு முன்னாடி என் நோயாளிங்க உலகத்தை இப்படித்தாம்மா பாக்கறாங்க. துண்டு துண்டா, நகர்ந்து நகர்ந்து. வெளியில இதைப் பாத்துட்டு உள்ள வரட்டும். போகும்போது எல்லாம் தெளிவா தெரியட்டும்" என்றார்.  மறுப்பதற்கு யாருக்கும் மனம் வரவில்லை.

மேடம் கெட்டிக்காரர், பொறுப்பானவரும்கூட. முதல் நாளே எல்லோரையும் கூட்டிச் சொன்னார். "உடைஞ்ச மாதிரி இருக்கறது வெளிச்சுவர் மட்டும்தான். உள்ள நோயாளிங்க நடக்கற இடம். அங்க எல்லாம் நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கணும். இன்னொண்ணு, இனிமே இந்த வேலையில தப்புங்கற வார்த்தையை யாரும் சொல்லாதீங்க. நகர்வுன்னு சொல்லுங்க."

அன்றிலிருந்து அந்த அலுவலகத்தில் எல்லாமே நகர்வுதான். டீ மேஜையில் கொட்டினால் நகர்வு. அரைமணி தாமதமாக வந்தவன், "தாமதம் இல்ல மேடம், காலம் கொஞ்சம் நகர்ந்துடுச்சு" என்பான். மேடமும் சிரிப்பார். பென்சிலும் சிரித்தார். ஆனால் பதினெட்டு வருடம் கோணலை நேராக்கிய கை, கோணலைக் கோணலாகவே அளந்து வரையும்போது முதல் சில நாள் தானாகவே நேராக்கப் போனது. போகப் போகப் பழகிவிட்டது. பழகாதது எது இருக்கிறது மனிதனுக்கு!

பழகாதவர் மேஸ்திரி ஒருவர்தான். தளத்தில் ஆட்களை வைத்துக் கட்டுகிறவர் அவர். தினம் நாலு முறை பென்சிலுக்கு போன் வரும்.

"பென்சில் சார், ரெண்டாவது மாடியில ஜன்னல் அரை அடி வெளிய நிக்குது. வேணும்னு போட்டதா, இல்ல கை தவறிடுச்சா?"

"வேணும்னு போட்டதுதான் மேஸ்திரி."

"மழைத் தடுப்பு பாதியில நிக்குதே?"

"அதுவும்தான்."

"மூலையே காணோம் சார்!"

"மூலை இல்லாததுதான் மேஸ்திரி டிசைனே."

போனை வைத்ததும் அறை முழுக்கச் சிரிப்பு எழும். யாரோ மேஸ்திரிக்குச் சந்தேகம் என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். "பென்சில் அண்ணே, சந்தேகம் லைன்ல இருக்கார்" என்று கத்துவார்கள். அது மேஸ்திரி காதிலும் விழுந்துதான் இருக்கும். அவர் காட்டிக்கொள்ளவில்லை. ஒருநாள் மட்டும், "நான் கேக்கறது உங்களுக்குத் தொந்தரவா இருக்கா சார்? இருபது வருஷமா கேட்டுக் கேட்டுத்தான் கட்டறேன். எங்க வேலையில கேக்காம கட்டினா அப்புறம் இடிச்சுத்தான் கேக்கணும்" என்றார்.

"அய்யய்யோ, தொந்தரவெல்லாம் இல்ல" என்றார் பென்சில். கொஞ்சம் தொந்தரவாகத்தான் இருந்தது.

வெளிச்சுவர் முடியும் நேரத்தில், ஒரு மத்தியானம், மறுபடி போன் வந்தது. பென்சில் அப்போது முகப்பின் கடைசிப் பட்டையை அளந்துகொண்டிருந்தார். எண்ணிக்கை விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"சார், ஆபரேஷன் மாடியிலேர்ந்து மருந்து வாங்கற இடத்துக்கு இறங்கற படி. பதினோரு படி பதினஞ்சு சென்டிமீட்டர் உயரம் போட்டிருக்கு. கடைசிப் படி மட்டும் பத்தொன்பது வருது. இதுவும்…"

"மேஸ்திரி, படத்துல என்ன இருக்கோ அப்படியே கட்டுங்க. ஒவ்வொண்ணுக்கும் கேக்காதீங்க. எல்லாம் யோசிச்சுத்தான் போட்டிருக்கோம்."

 "சரிங்க சார்" என்றார் மேஸ்திரி.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு போன்கூட வரவில்லை. நல்லவேளை, கற்றுக்கொண்டார் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

கட்டிடம் முடிந்தது. படம் எடுக்க வந்தவர்கள் தெருவில் படுத்துக்கொண்டெல்லாம் எடுத்தார்கள். முகப்புக்கு ஒரு பரிசும் கிடைத்தது. ஒரு விடுமுறை நாளில் பென்சில் தன் மனைவியைக் கூட்டிப்போய்க் காட்டினார். அவர் வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு, பிறர் தைத்ததைப் பிரித்துச் சரிசெய்து கொடுப்பவர். இடுப்பில் கைவைத்து அந்த முகப்பைக் கீழிருந்து மேலாகப் பார்த்தார்.

"நான் ஒரு தையல் கோணலா போட்டா மூஞ்சியில விட்டெறியறாங்க. உங்க மேடம் ஊரளவு கோணலா போட்டா பரிசு குடுக்கறாங்க."

"இது வேணும்னே பண்ண கோணல்."

"அதை நான் சொல்லிப் பாத்தா நடக்குமா? ஏங்க, நிஜமாவே கோணலாப் போச்சுன்னா எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

பென்சில் சிரித்து மழுப்பிவிட்டார். ஆனால் வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி செருப்புக்குள் நுழைந்த சிறு கல்லாக உறுத்தியது. என்ன உறுத்துகிறது என்று குனிந்து பார்க்க அவர் விரும்பவில்லை.

புதிய பகுதி திறந்த இரண்டாம் நாள், தரை துடைக்கும் அம்மாள் ஒருவர் வாளியோடு அந்தப் படியில் விழுந்தார். ஈரத்தில் வழுக்கியது என்று சொல்லிவிட்டார்கள். ஆறாம் நாள் ஒரு கண்ணில் கட்டுப் போட்டிருந்த ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. "முப்பது வருஷம் வண்டி ஓட்டினேன், ஒரு கீறல் இல்ல. ஆஸ்பத்திரிக்கு வந்து அடிபட்டேன்" என்று அவர் சொன்னதைச் சுற்றி நின்றவர்கள் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டார்கள். பத்தாம் நாள் இன்னொருவர் விழப்போய் அவர் மகள் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் தலைமை டாக்டர் எல்லோரையும் வரச் சொன்னார்.

பென்சில் அரைமணி முன்னதாகவே போய்விட்டார். டேப்பை இழுத்து மேலிருந்து ஒவ்வொரு படியாக அளந்துகொண்டே இறங்கினார். பதினைந்து. பதினைந்து. பதினைந்து. பதினோரு முறை அதேதான். பன்னிரண்டாவது படியில் டேப் பத்தொன்பதைக் காட்டியது. எண் மாறிவிடுமோ என்று மறுபடி அளந்தார். மாறவில்லை.

நாலு சென்டிமீட்டர் பெரிய விஷயமா என்று தோன்றலாம். படி இறங்குகிறவன் கண்ணால் இறங்குவதில்லை. முதல் இரண்டு படியில் கால் ஓர் அளவைக் கற்றுக்கொள்கிறது, பிறகு அதை நம்பி இறங்குகிறது. அந்த நம்பிக்கைக்குக் கீழே நாலு சென்டிமீட்டர் வெற்றிடம் இருந்தால் உடம்பு முழுவதும் அதில் விழுந்துவிடும். அதிலும் இது கண்ணில் மருந்து ஊற்றிக்கொண்டு, எல்லாம் மங்கலாகத் தெரிய, கைப்பிடியைத் தடவி இறங்குகிறவர்களுக்கான படி.

மடிக்கணினியில் பழைய கோப்புகளைத் திறந்து பார்த்தார். அவர் முதலில் வரைந்தபோது பன்னிரண்டு படியும் பதினைந்துதான். கெட்டுப்போன கோப்பின் மேலேயே புதுப் பகுதியை வரைந்திருந்ததால், இடையில் ஏதோ ஒருநாள் கீழ்ப்பட்டை ஒன்று தானாக நாலு சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. அவர் கவனிக்கவில்லை. பென்சில் வேண்டுமென்று போட்டிருப்பார் என்று மேடம் நினைத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கேட்ட ஒரே ஆள் மேஸ்திரி.

போனில் தான் சொன்ன பதில் அவர் காதில் அப்போது தெளிவாகக் கேட்டது. 'எல்லாம் யோசிச்சுத்தான் போட்டிருக்கோம்.'

டாக்டர் அறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர், மேடம், ஆஸ்பத்திரியின் பராமரிப்பு அதிகாரி, மேஸ்திரி, பென்சில். மேஸ்திரி துவைத்து இஸ்திரி போட்ட சட்டையில், நாற்காலியின் நுனியில் இருந்தார்.

டாக்டர் மேடத்தைப் பார்த்து, "ஒரே ஒரு கேள்விம்மா. அந்தக் கடைசிப் படி வேணும்னு செஞ்சதா?" என்றார்.

மேடம் பென்சில் பக்கம் திரும்பினார். பென்சில் மடியில் இருந்த கணினியைப் பார்த்தார்.

"உள்ள எதையும் நாங்க நகர்த்தல டாக்டர்" என்றார் மேடம் மெல்ல.

பராமரிப்பு அதிகாரி அந்த இடைவெளியில் புகுந்துகொண்டார். "அப்ப கட்டினவர் கை வரிசைதான். ஏன்யா மேஸ்திரி, படி கட்டத் தெரியாதா? அளவு பாக்க மாட்டியா? உனக்கே கண்ணு காட்டணும் போல இருக்கே!"

மேஸ்திரி எழுந்து நின்றார். பென்சிலை ஒருமுறை பார்த்தார். பார்வையில் குற்றச்சாட்டு இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். அது இல்லை.

"நான்தான் கட்டினேன் டாக்டர். என் செலவுலயே பிரிச்சு மறுபடி போட்டுத் தர்றேன்."

"அடுத்த வேலைக்கு இவர் வேண்டாம்மா" என்றார் அதிகாரி மேடத்திடம். மேடம் சரி என்று தலையசைத்தார்.

பென்சில் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். பதினெட்டு வருடப் பெயர், மேடத்தின் கையெழுத்து, வீட்டு முன்னறையில் ஓடிக்கொண்டிருக்கும் தையல் மெஷின் எல்லாம் அந்த வாக்கியத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. இந்தக் கட்டிடத்தில் எது தவறு என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் அவருக்கு அப்போது கிடைத்த மறைவிடம். மனிதன் ஒளிந்துகொள்ள இடம் தேடும்போது சாத்தான் எப்போதும் ஒரு கதவைத் திறந்து வைத்திருப்பான். கூட்டம் முடிந்தது. அவர் வாய் திறக்கவில்லை.

வெளியே நடையில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தவரைப் பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

"பென்சில் சார்! டேப்பைப் படியிலயே விட்டுட்டு வந்துட்டீங்க."

மேஸ்திரி டேப்பை நீட்டினார். அதில் ஒட்டியிருந்த தூசியைத் தன் இஸ்திரி போட்ட சட்டையிலேயே துடைத்திருந்தார்.

"மேஸ்திரி… நீங்க போன் பண்ணிக் கேட்டீங்களே. ஏன் சொல்லல?"

"நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிடும் சார்." மேஸ்திரி வேறெங்கோ பார்த்தார். "எனக்கு வேற வேலை கிடைக்கும். ஆனா ஒண்ணு, விழுந்த அந்த டிரைவரைப் போய்ப் பாத்தேன். கையில கட்டோட, நீயாப்பா கட்டினேன்னு கேட்டாரு. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. உங்களுக்கு ஏதாவது தோணுச்சுன்னா சொல்லுங்க, அவர்கிட்ட போய்ச் சொல்றேன்."

பென்சில் டேப்பை வாங்கிக்கொண்டார். வாய்க்குள் ஆண்டவனே என்றார். கோவிலில் சொல்லும் குரலில் வரவில்லை. கிணற்றில் விழுந்தவன் கயிற்றைப் பிடிப்பதுபோல வந்தது. திரும்பி நடந்து டாக்டர் அறைக் கதவைத் தட்டாமலேயே திறந்தார். மேடமும் அதிகாரியும் இன்னும் உள்ளே இருந்தார்கள்.

"படி மேஸ்திரியோட தப்பு இல்ல டாக்டர். படத்துலயே தப்பு. அவர் என்கிட்ட கேட்டார். நான் படத்தைப் பாக்காமலே கட்டுங்கன்னு சொல்லிட்டேன்."

ஒரே மூச்சில் வந்துவிட்டது. வெகுநாட்களுக்குப் பிறகு தப்பு என்ற வார்த்தையைச் சொல்கிறோம் என்பது சொன்ன பிறகுதான் உறைத்தது.

அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். டாக்டர் கையமர்த்தினார். அவர் பென்சிலைத் திட்டவில்லை. அதைவிட மோசமான ஒன்றைக் கேட்டார்.

"இது ஒண்ணுதானா? இன்னும் எத்தனை இருக்கு?"

பென்சில் மேடத்தைப் பார்த்தார். மேடம் பென்சிலைப் பார்த்தார். இருவருக்கும் தெரியவில்லை. ஜன்னலுக்கு வெளியே, பரிசு வாங்கிய முகப்பின் ஒரு துண்டு அரை அடி நகர்ந்து நின்றுகொண்டிருந்தது.

"கையெழுத்துப் போட்டது நான்" என்றார் மேடம் கடைசியில்.  "மேஸ்திரியைக் கூப்பிடுங்க. அவர்கிட்ட நான் பேசணும்." பிறகு பென்சில் பக்கம் திரும்பினார். "நாளையிலேர்ந்து நீங்க ஆபீஸுக்கு வர வேண்டாம். இங்க வாங்க. ஒவ்வொரு படி, கதவு, கைப்பிடி, எல்லாத்தையும் கையால அளந்து எழுதுங்க. அது முடிஞ்ச பிறகு உங்களைப் பத்திப் பேசுவோம்."

அந்தப் பேச்சு எப்படி முடியும் என்று பென்சிலுக்குத் தெரியாது. அன்று வீட்டில் எல்லாவற்றையும் சொன்னபோது மனைவி மெஷினை நிறுத்தினார். திட்டுவார் என்று பென்சில் காத்திருந்தார். "அந்த டிரைவரு கையைப் போய்ப் பாத்தீங்களா?" என்றுதான் கேட்டார். பார்க்கவில்லை. இருவரும் அப்போதே கிளம்பிப் போனார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்து, விஷயத்தைக் கேட்டு, வாசலிலேயே நின்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை. கதவை மூடவும் இல்லை.

படிகளைக் கொத்தி எடுத்து மறுபடி போடும்வரை நோயாளிகள் இறங்க வேறு வழி தயாராக வேண்டும். அதற்கு எட்டு நாள் ஆகும் என்றார் மேஸ்திரி. லிஃப்ட் படுக்கை நோயாளிகளுக்கே போதவில்லை. அதுவரை அந்தப் படியில்தான் எல்லோரும் இறங்கியாக வேண்டும். அதிகாரி கடைசிப் படியின் ஓரத்தில் பளிச்சென்று மஞ்சள் பட்டை ஒட்டச் செய்தார். கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு மஞ்சளும் ஒன்றுதான், வெள்ளையும் ஒன்றுதான்.

பென்சில் காலை ஏழு மணிக்கே வந்து, நோயாளிகள் வரும்வரை கதவுகளை அளந்தார். மூன்றாம் மாடியில் ஒரு கழிவறைக் கதவு இரண்டு சென்டிமீட்டர் குறுகலாக இருந்ததைக் கண்டுபிடித்து எழுதினார். சக்கர நாற்காலி அதில் நுழையாது.  ஒன்பது மணிக்கு ஆபரேஷன் முடிந்தவர்கள் இறங்கத் தொடங்கியதும் நோட்டை மூடிவிட்டுப் படியின் அடியில் போய் நின்றார். யாரும் நிற்கச் சொல்லவில்லை. "கடைசிப் படி ஆழம், கையைக் குடுங்க" என்று சொல்லி ஒவ்வொருவராக இறக்கிவிட்டார். சிலர் நன்றி சொன்னார்கள். அதுதான் பெரிய வேதனையாக இருந்தது.

மூன்றாம் நாள் ஒரு பருத்த அம்மாள் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை மூச்சு வாங்கி இறங்கினார். வலது கண்ணில் கட்டு. இடது கண்ணும் மருந்தில் கலங்கியிருந்தது.

"கையைக் குடுங்கம்மா. இந்தப் படி மத்ததைவிட ஆழம்."

"ஆழமா? ஏன் ஆழம்? எந்தக் கபோதி கட்டினான் இதை?"

"கட்டினவர் மேல குத்தமில்லம்மா. வரைஞ்சு குடுத்தது நான். தப்பா வரைஞ்சுட்டேன்."

அந்த அம்மாள் ஒரு காலை மேல்படியிலேயே நிறுத்தினார். கலங்கிய கண்ணை இடுக்கிக்கொண்டு அவர் முகத்தைத் தேடினார். தெரிந்ததோ இல்லையோ.

"நீயா?"

"ஆமாம்மா."

"தினம் இங்கதான் நிக்கிறியா?"

"படி மாத்தற வரைக்கும் நிப்பேன்."

அம்மாள் யோசித்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

"நல்லா ஒரு கையால பிடிக்கிறான் பாரு! தப்பு பண்ணவன் ரெண்டு கையாலயும் பிடிடா" என்றார். கைப்பிடியை விட்டுவிட்டுத் தன் பாரம் முழுவதையும் அவர் மேல் சாய்த்து, அடுத்த காலை எடுத்து வைத்தார்.

பென்சில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.